சூரியனுக்குப் பொறுப்பு நான்

புத்தூர்,
12.05.2025

அன்பு மருமகள் ஆரபிக்கு,

உன் தாய்மாமா சிவசுப்பிரமணியம் எழுதுவது. இங்கு நானும் உன் மாமி மகாதேவியும் சுகம். கொழும்பில் உன் இருமல் விட்டதா? அனுப்பிய பனங்கற்கண்டைக் கடிக்காமல் உமிந்து சாப்பிடு.

நீ வாங்கித் தந்த போனைப் பற்றிக் கேட்காதே. வெங்காயம் கிண்டிக் காய்த்துப்போன என் விரலை அந்தக் கண்ணாடி ஒரு விரலாக மதிப்பதில்லை. காதில் வைத்தாலோ ஷெல் விழுந்த நாளிலிருந்து கேட்கும் அதே இரைச்சல்தான். ஆகவே கடிதம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டாலும், என் கையெழுத்தைப் பார்த்து வட்டுக்கோட்டையில் ஒரு பெரிய பண்டிதர் எழுந்து நின்றிருக்கிறார்.

நீ உன் கொம்பனி ஆட்களை அனுப்பிப் போடுவித்த சோலார் தகடு பன்னிரண்டையும் பார்க்கச் சந்திவரை சனம் வரிசையில் நின்றது. நானே கூரையில் ஏறி நின்று விளங்கப்படுத்தினேன். "தகடு வெயிலைக் குடிக்கும். குடிச்சதைச் சுவரிலை இருக்கிற வெள்ளைப் பெட்டி கரண்டாக்கி நிரப்பி வைக்கும், எங்கடை தண்ணித் தாங்கி மாதிரி. இரவிலை திறந்துவிடுறதுதான்." எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, ஒழுங்கை முழுவதையும் றேடியோ கேட்கவைத்தவன் நான். பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு, நிறுத்தினால் அமைதி. இப்போது எனக்காகச் சூரியன் சுற்றுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். யாழ்ப்பாணம் முழுக்க இருண்டாலும் இனி என் வீடு இருளாது.

ஒரு சின்னச் சந்தேகம். இரவில் மீற்றர் ஓடுகிறது. பெட்டி நிறைந்திருக்கும்போது அது ஏன் ஓடுகிறது? பெட்டியில் எங்காவது ஓட்டை இருக்குமோ?

உன் சுகத்தை எழுது.

மாமா

*

கொழும்பு,
24.05.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. உங்கள் இடுப்பு நாரி நோவும் மாமியின் முழங்காலும் எப்படி?

பெட்டியில் ஓட்டை இல்லை மாமா. பெட்டியில் எதுவுமே இல்லை. தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. சேர்த்து வைக்கப் பற்றரி வேண்டும், அதை நாங்கள் போடவில்லை. பகலில் நீங்கள் பாவித்து மிஞ்சுவது வீதிக் கம்பியால் வெளியே போகும். இரவில் அதே கம்பியிலிருந்து நீங்கள் எடுக்கிறீர்கள். போனதையும் வந்ததையும் மீற்றர் தனித்தனியே குறித்து வைக்கும். இரண்டையும் பார்த்துத்தான் பில் வரும். ஆகவே கிணற்று மோட்டார், அயன், கிறைண்டர் எல்லாவற்றையும் நல்ல வெயில் நேரத்தில் போடுங்கள்.

தம்பி ஜெயதீபன் போன் எடுத்தவன். உங்கள் நாரியைப் பற்றி அவன்தான் முதலில் கேட்டான். நீங்கள் அவனோடு கதைத்து இரண்டு வருடம். தோட்டத்தை விட்டுக் கரண்ட் கம்பம் ஏறும் உத்தியோகத்துக்குப் போனது அவ்வளவு பெரிய குற்றமா?

அன்புடன்,
ஆரபி

*

புத்தூர்,
22.06.2025

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் சுகம். நாரி நோ, வெயிலில் மறைந்து மழையில் வருகிறது. அதுவும் சோலார்தான்.

நீ சொன்னபடி எல்லாம் பகலில். மாமி பத்து மணிக்கு அரைக்கத் தொடங்கினால் இரண்டு மணிவரை அரைக்கிறா. நான் கட்டியிருக்கும் சாரத்தைத் தவிர எல்லாச் சாரத்தையும் அயன் பண்ணிவிட்டேன். நேற்று வேறொன்றும் அகப்படாமல் பேப்பரை அயன் பண்ணி வாசித்தேன். செய்தி சூடாக இருந்தது.

இனிப் பெரிய விசயம். பழுதாய்க் கிடந்த பிறிட்ஜை, முட்டை அடைகாக்கும் பெட்டியாக மாற்றிவிட்டேன். உள்ளே நாலு குண்டு பல்ப், ஒரு குட்டி விசிறி, சூடு பார்க்கும் கருவி. குளிரவைக்கப் பிறந்ததைச் சூடாக்க வைத்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஜப்பான்காரன் கேள்விப்பட்டால் தூக்கிக்கொண்டு போவான்.

ஒழுங்கை முனை அருமைநாயகியை உனக்குத் தெரியும். புருசன் போனபிறகு ஊர்க்கோழிக் குஞ்சு விற்றுத்தான் சீவியம். கோழியை அடையில் இருத்தினால் அது முட்டை இடுவதை நிறுத்திவிடும் என்பது அந்த மனுசியின் கவலை. அறுபத்திநாலு முட்டையைக் கடகத்தில் வைத்துக்கொண்டு படலையில் நின்று கேட்டா, "சிவசண்ணை, இடையிலை கரண்ட் போனா என்ன செய்யிறது? இருபத்தொரு நாளும் சூடு நிக்கக்கூடாது."

"பிள்ளை, உன்ரை முட்டைக்குச் சூரியன் பொறுப்பு. சூரியனுக்கு நான் பொறுப்பு," என்றேன். முகம் மலர்ந்து போச்சு அவவுக்கு.

முதல் தரத்திலேயே எழுபது குஞ்சு பொரித்தது.

நீ கேட்ட மற்றதைப் பற்றி எழுத இடம் போதாது.

மாமா

*

கொழும்பு,
05.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

அறுபத்திநாலு முட்டையில் எழுபது குஞ்சு எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் இதைக் கவனமாக வாசியுங்கள். வீதியில் கரண்ட் நின்றால், எவ்வளவு வெயில் எரித்தாலும் உங்கள் தகடுகளும் நின்றுவிடும். பழுது அல்ல. அப்படித்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். கம்பியில் உயிர் இல்லை என்று தெரிந்த கணமே அது தன்னை நிறுத்திக்கொள்ளும். இதை முதலிலேயே சொல்லாமல் விட்டது என் பிழை. நாளெல்லாம் இதைப் பற்றியே கதைப்பதால், உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அருமைநாயகி அக்காவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கரண்ட் போனால் அந்த வீட்டு முட்டைக்கு ஒருவரும் பொறுப்பில்லை. 'சொல்லிவிட்டேன்' என்று பதில் போடுங்கள்.

ஆரபி

*

புத்தூர்,
18.08.2025

அன்பு மருமகளுக்கு,

சுகம். பதில் பிந்தியதற்கு வெங்காயம்தான் காரணம்.

எழுபது பற்றி: சில முட்டை இரட்டைக் கரு. அதை அத்தோடு விடு.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். வாசிக்கும்போது விளங்குகிறது, மடித்து வைத்தால் விளங்கவில்லை. போன செவ்வாய் மத்தியானம் அரை மணித்தியாலம் கரண்ட் போனது. ஏணி வைத்து ஏறித் தகட்டில் கை வைத்தேன். தோசைக்கல்லாய்ச் சுட்டது. இறங்கி உள்ளே வந்தால் விசிறி நிற்கிறது. வெளியே போனேன், வெயில். உள்ளே வந்தேன், புழுக்கம். "உதென்ன, வீட்டுக்கும் வளவுக்கும் காவல் நடக்கிறியளோ?" என்று மாமி கேட்டா. வெயில் இருக்கிறது, தகடு இருக்கிறது, வயர் இருக்கிறது. கரண்ட் மட்டும் எங்கே போனது?

நெல்லியடியில் வயறிங் செய்யும் எமில்ராஜிடம் கேட்டேன். "ஓம் அண்ணை, லைன் செத்தா உங்கடை தகடும் படுத்திடும்," என்றான். "ஏன்ரா?" "அது அப்பிடித்தான் அண்ணை." இதற்கு ஒரு படிப்பு, ஒரு சேட்டிபிக்கேற்!

ஆனால் மாமா சும்மா விடுவேனா? பெட்டி கம்பியில் உயிர் இருக்கிறதா என்றுதானே பார்க்கிறது? உயிர் இருப்பதாகக் காட்டிவிட்டால் போகிறது. என்னிடம் பழைய ஜெனரேற்றர் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயர் செய்து, ஒரு தலையை ஜெனரேற்றரிலும் மற்றத் தலையைச் சுவரிலும் செருகினால் வீடு முழுக்க உயிர் வந்துவிடும். பெட்டியும் ஏமாந்து எழும்பும். உன் கொம்பனியில் ஒருவனுக்கும் இந்தப் புத்தி வரவில்லையே என்று யோசித்தேன்.

அருமைநாயகிக்கு மூன்றாம் தரமும் நன்றாகப் பொரித்தது. சந்தோசமாயிருக்கிற மனுசியைக் குழப்புவான் ஏன்?

மாமா

*

கொழும்பு,
25.08.2025

மாமா,

சுகம் விசாரிக்க இப்போது மனம் இல்லை. அந்த வயரைச் செய்ய வேண்டாம்.

சுவரில் நீங்கள் செருகும் கரண்ட் வீட்டோடு நிற்காது. மெயினைத் தாண்டி வீதிக் கம்பிக்கு ஏறும். அங்கிருந்து றான்ஸ்போமருக்குப் போனால் பல மடங்காகப் பெருகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவன் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொடுவான். பெட்டி தன்னை நிறுத்திக்கொள்வது அவனுக்காகத்தான். நீங்கள் கேட்ட 'ஏன்' அதுதான். பெட்டியை ஏமாற்றினால் சாகப் போவது பெட்டி இல்லை.

உங்கள் பக்கத்துக் கம்பங்களில் ஏறுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆரபி

*

கொழும்பு,
02.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறீர்களா? மாமியின் போனுக்கு எடுத்தால் நீங்கள் பிடுங்கி "ஓம், ஓம்" என்கிறீர்கள். எதற்கு ஓம் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியிடம் சொல்லி அனுப்பவா என்று கேட்டேன். "என்ரை முகத்தைக் கண்டா அவர் படலையைச் சாத்துவார் அக்கா," என்கிறான்.

ஒரு வரி எழுதுங்கள்.

ஆரபி

*

புத்தூர்,
20.10.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது. புத்தூரில் என் வெங்காயத்தைப் போல் ஒருவரிடமும் இல்லை என்று விவசாய ஒபிசர் கண் கலங்கினார். கோயில் கிணற்றில் ஆமை ஒன்று வந்திருக்கிறது. அதற்கு முந்நூறு வயது என்று நான்தான் மட்டுக்கட்டிச் சொன்னேன். தீபாவளிக்கு மாமி அரியதரம் சுட்டா, வெயில் நேரத்தில்தான். சுட்டது விறகடுப்பில் என்றாலும் ஒரு பழக்கத்துக்காக.

கார்த்திகை பிறக்கமுன் அருமைநாயகி அடுத்த முட்டை தருகிறா. இந்த முறை நூறு. நத்தார், பொங்கலுக்குக் குஞ்சு கேட்டு இப்போதே ஆட்கள் சொல்லி வைத்துவிட்டார்களாம். அந்த மனுசி அடையிருந்த கோழிகளையும் எழுப்பிவிட்டா. எல்லாம் என் பெட்டியை நம்பித்தான்.

வேறு விசேசம் இல்லை.

மாமா

(பிள்ளை, மாமி எழுதுறன். இவர் ரெண்டு தலை வயர் செய்து பத்தாயத்துக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறார்.)

*

கொழும்பு,
29.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாமி ஓரத்தில் எழுதியதை வாசித்தேன். அவவை ஏச வேண்டாம்.

இரண்டு காரியம் கேட்கிறேன். அந்த வயரின் ஒரு தலையை வெட்டிவிடுங்கள். அருமைநாயகி அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நூறு முட்டையும் உங்கள் வார்த்தைக்கு மேல்தான் இருக்கப் போகின்றன.

நீங்கள் எழுதாமல் விடுவதை வாசித்துத்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம் வருகிறது.

ஆரபி

*

புத்தூர்,
09.12.2025

ஆரபிக்கு,

சுகம். புயல் காற்று வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. போனும் இல்லை. கூரையில் தகடு பன்னிரண்டும் இருக்கின்றன.

நூறு முட்டையில் குஞ்சு பதினொன்று.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

மாமா

*

கொழும்பு,
16.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இருவரும் சுகம் என்று தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறுபத்திநாலு முட்டையில் எழுபது குஞ்சு பொரிக்க வைத்தவர், நூறில் பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்றும் பார்த்தேன், இல்லை. நீங்கள் எழுதாததைத் தம்பி போனில் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"அக்கா, காற்று விட்டு நல்ல வெயில் எறிச்ச அண்டைக்குத்தான் புத்தூர்ப் பக்கம் போனனாங்கள். மாமா வீட்டு வளவுக்குள்ளை ஜெனரேற்றர் இரையுது. வாகனத்தை விட்டு இறங்கி ஏணியைச் சாத்த, மாமா வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தவர். உடனை இரைச்சல் நிண்டுது. நான் மேலை ஏறிப் பெல்ற் கட்டினாப்பிறகு குனிஞ்சு பாக்கிறன், மனுசன் கம்பத்தடியிலை. கையிலை அந்த வயர். ரெண்டு தலையும் கையுக்குள்ளை. வயரைச் சுருட்டிக் கீழை போட்டுட்டு அதுக்கு மேலை குந்தியிட்டார்."

பிறகு பக்கத்தில் லெனாட் அண்ணையின் கடையில் ஜெனரேற்றர் இரைவது உங்களுக்கு எப்படியோ கேட்டிருக்கிறது. எழும்பிப் போனீர்களாம். "அண்ணை, இது லைனிலை கொழுவேல்லை. ஐஸ்பெட்டிக்கு மட்டும் தனி வயர்," என்று அவர் சொல்ல, "எனக்கு உது விளங்காது. மேலை என்ரை பொடியன் நிக்கிறான், நிப்பாட்டடா!" என்றீர்களாம். உங்களுக்குக் காது கேளாதபடியால் மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். கம்பத்தின் உச்சிவரை கேட்டதாம்.

அருமைநாயகி அக்கா ஓடிவந்து "அண்ணை, முட்டை ஆறுது, வெயில் எரிக்குதே, உங்கடை சூரியன் எங்கை?" என்று கேட்டபோது நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கரண்ட் வராது பிள்ளை. எனக்கு ஆடியிலேயே தெரியும். ஆரபி எழுதினவள். நான் உனக்குச் சொல்லாமல் விட்டிட்டன்," என்றீர்களாம். அந்த அக்கா திரும்பிப் போய், மாமியோடு சேர்ந்து ஜாம் போத்தல் விளக்கு ஆறு கொளுத்திப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. பதினொன்றும் அந்தச் சூட்டில் பிழைத்தவை.

கடைக்குப் போன அந்த ஒரு தரத்தைத் தவிர, ஐந்து மணித்தியாலம் நீங்கள் கம்பத்தடியை விட்டு அசையவில்லை என்கிறான். இறங்கியதும் உங்களிடம் வந்திருக்கிறான். நீங்கள் வயரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்களாம்.

மாமா, இதை ஏன் எனக்கு எழுதவில்லை?

ஆரபி

*

புத்தூர்,
04.01.2026

அன்பு மருமகள் ஆரபிக்கு,

புது வருசத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கு நான், மாமி, பதினொரு குஞ்சு, எல்லோரும் சுகம்.

நீ எழுதியதில் ஒரு திருத்தம். நான் கம்பத்தடியில் காவல் இருக்கவில்லை. வெயில் கடுமை. நிழலுக்காக இருந்தேன். கம்பத்தின் நிழல் நாலு விரல் அகலம்தான் என்று மாமி அளந்து காட்டுகிறா. என் நாரி மெலிந்தது, எனக்கு அது போதும்.

அருமைநாயகி பதினைந்து நாள் எங்கள் படலைப் பக்கம் திரும்பவில்லை. என் பேட்டுக் கோழிகளில் நல்லதாக ஆறு அவவின் கூட்டுக்குள் தாங்களாகவே போய் இருந்துவிட்டன. ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் ஆறையும் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தா. "அண்ணை, உங்கடை கோழிகள் கடகத்துக்குள்ளை ஏறி, மூடியும் போட்டுக்கொண்டோ என்ரை வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டா. மாமி சிரித்துவிட்டா. பிறகு அவவும் சிரித்தா. கோழிகள் அங்கேயே நிற்கின்றன. இப்போது பாதி முட்டை கோழிக்குக் கீழ், பாதி பெட்டிக்குள். கரண்ட் போனால் விளக்கு வைக்க ஜாம் போத்தல் பன்னிரண்டு கழுவி அடுக்கியிருக்கிறோம். என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் அருமைநாயகி "சூரியனுக்குப் பொறுப்பானவர் போறார்" என்று சொல்லுகிறா. சொல்லட்டும்.

வயரின் ஒரு தலையை வெட்டியாகிவிட்டது. வெட்டியவன் ஜெயதீபன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். படலை திறந்துதான் கிடந்தது. மாமி புட்டு அவித்தா, மீன் பொரித்தா. நல்லாய்ச் சாப்பிட்டான். கம்பம் ஏறி ஏறிக் கை என்னுடையதைவிடக் காய்த்துப் போயிருக்கிறது. அவன் விரலையும் அந்தப் போன் மதிக்குமோ தெரியாது.

லைன் செத்தது வெள்ளைப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சுவரில் கரியால் படம் கீறிச் சொன்னான். விளங்கவில்லை. சாப்பிட்ட பிறகு கோப்பையையும் கரண்டியையும் வைத்து இன்னொரு தரம் சொன்னான். அப்போதும் விளங்கவில்லை. "காரியமில்லை மாமா, வாற ஞாயிறு வந்து வடிவாச் சொல்லித்தாறன்," என்றான்.

உனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை, தயவு செய்து நீ எழுதி விளங்கப்படுத்திவிடாதே.

இப்படிக்கு,
மாமா சிவசுப்பிரமணியம்